எஞ்சினை மாற்றுமுன் எண்ணிப் பார்ப்போம்



நெல்மூடை ஆலைக்குப் போகவேண்டும். மரக்கறி சந்தைக்குப் போகவேண்டும். நோயாளி நள்ளிரவிலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாரியில் சேறாகிவிடும் எமது பாதைகளில், நான்கு சில்லும் இழுக்கும் பழைய லான்ட் றோவர் இன்றும் மதிப்பிழக்கவில்லை. 1948 இல் அறிமுகமான இந்த வண்டியின் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டினால் ஆனது. ஆகவே உடல் நிலைத்து நிற்கிறது. எஞ்சின்தான் முதலில் களைத்துவிடுகிறது.

எமது பகுதி எஞ்சின்கள் களைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990களில் வடக்கில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் எஞ்சின்களைச் சில துளி பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். மசகு குறைந்த எஞ்சின் தேயாமல் என்ன செய்யும்?

இன்று பலர் அந்தப் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டீசல் எஞ்சினைப் பூட்ட விரும்புகிறார்கள். நல்ல எண்ணமே. ஆயினும் ஒரு கசப்பான அனுபவத்தை முதலில் சொல்லவேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு லான்ட் றோவரை வைத்திருந்தன. சங்கச் சேமிப்பு முழுவதையும் எடுத்து ஒரு டீசல் எஞ்சினை வாங்கினார்கள். "மலிவாகக் கிடைக்கிறது, விடாதீர்கள்" என்று ஊக்கியவர்களில் நாமும் இருந்தோம். பூட்டப் போனபோது எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி முன் அக்சிலில் முட்டியது. தொட்டியை வெட்டி ஒட்டவும், இணைப்புத் தகடு கடையவும் பணம் இல்லை. அறுவடை வந்து போனது. எஞ்சின் சாக்கினால் மூடப்பட்டு விறாந்தையில் கிடந்தது. நெல்லை வந்த விலைக்குக் களத்திலேயே விற்கவேண்டியதாயிற்று.

இந்தப் பாடத்தின் கருத்து இதுதான்: எஞ்சின் தனியாக வேலை செய்வதில்லை. அதை வாங்குவது வேலையின் ஒரு பகுதி மட்டுமே. மற்றப் பகுதிகளோடு அதைப் பொருத்துவதே பெரிய வேலை.

1. மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் கொம்பிறெஷன் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் அளவு மற்றவற்றிலும் மிகக் குறைந்திருந்தால், அதனுள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அளவு உயர்ந்தால் தேய்ந்தது றிங் அல்லது சிலிண்டர். உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில் குறை. வால்வு வேலைக்கு எஞ்சினையே மாற்றத் தேவையில்லை. 1958 முதல் வந்த 2286 சி.சி. பெற்றோல் எஞ்சின் எளிமையானது. நல்ல லேத் பட்டறையில் சிலிண்டர் கடைந்து புதுப்பிக்கலாம். இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

2. வலுக்கூடிய எஞ்சின் நல்லதா?

பழைய பெற்றோல் எஞ்சினின் வலு சுமார் 70 குதிரைவலு. கியர்பொக்ஸும் அக்சில்களும் பிறேக்கும் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. அதிக இழுவை கொடுத்தால் பின் அக்சிலுக்குள் சில்லைச் சுழற்றும் தண்டு முறியும். கியர்ப் பற்கள் உடையும்.

லான்ட் றோவரைச் செய்த தொழிற்சாலையே இதை மதித்து நடந்தது. 1979 இல் எட்டுச் சிலிண்டர், 3.5 லீற்றர் எஞ்சினை நீள வண்டியில் பூட்டியபோது, அதன் வலுவை 91 குதிரைவலுவாகக் குறைத்தார்கள். கியர்பொக்ஸையும் ரேஞ்ச் றோவரில் இருந்த பலமான வகைக்கு மாற்றினார்கள். அவுஸ்திரேலியாவில் 1980களில் இசுசுவின் 3.9 லீற்றர் டீசல் எஞ்சினைப் பூட்டியபோதும் அந்தப் பலமான கியர்பொக்ஸே அதோடு சென்றது. செய்தவர்களே கியர்பொக்ஸை மாற்றினார்கள் என்றால், நாம் பழைய கியர்பொக்ஸில் பெரிய எஞ்சினைப் பூட்டுவது சரியா? பழைய எஞ்சினின் இழுவையை ஒத்த, அளவான எஞ்சினே எமக்குப் போதும்.

3. வாங்குமுன் அளக்கவேண்டியவை

ஒயில் தொட்டியின் ஆழமான பகுதி முன்புறமா, பின்புறமா? முன்புறமானால் அக்சிலில் முட்டக்கூடும். சில் குழியில் விழும்போது அக்சில் மேலெழும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்க்கும் இணைப்புத் தகடு துல்லியமாகக் கடையப்பட வேண்டும். நடுமையம் சிறிது விலகினாலும் கிளட்சும் கியர்பொக்ஸின் முன் பெயரிங்கும் விரைவில் கெடும்.

ஜப்பான் எஞ்சின்கள் சில 24 வோல்ற் லொறிகளிலிருந்து வருபவை. எமது வண்டி 12 வோல்ற். ஸ்ராட்டரும் ஒல்ரனேற்றரும் எது என்று கேளுங்கள். 1960களின் நடுப்பகுதி வரையிலான வண்டிகளில் பற்றரியின் நேர்முனை செசியோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றாமல் தொடுத்தால் ஒல்ரனேற்றர் எரிந்துவிடும்.

கம்பியூட்டர் பெட்டியால் இயங்கும் எஞ்சினைத் தவிருங்கள். சாதாரண டீசல் பம்ப் உள்ளதை ஊர் மெக்கானிக்கே பார்ப்பார். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள்; பால்போல் வெண்மை தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. "றீகண்டிஷன்" என்ற பெயரைக் கண்டு புதுப்பித்த எஞ்சின் என்று நம்பவேண்டாம். பெரும்பாலும் அது பாவித்துக் கழற்றிய எஞ்சின்தான்.

4. மறந்துபோகும் செலவுகள்

டீசலுக்குத் திரும்பிச் செல்லும் எரிபொருள் குழாய் வேண்டும். நல்ல பில்ற்றர் வேண்டும். வலுவான பற்றரி வேண்டும். றேடியேற்றரைக் கழுவி அடைப்பு நீக்கவேண்டும். பாரம் கூடினால் முன் வில்லுத் தகடுகளையும் பார்க்கவேண்டும்.

பிறேக்கை மறக்கவே கூடாது. பெற்றோல் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடமே சில வண்டிகளில் பிறேக் பூஸ்டரை இயக்குகிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடையாது. அதற்குத் தனியாக வக்கியூம் பம்ப் இருக்கவேண்டும். மூடைகளும் பிள்ளைகளும் ஏறிய வண்டி நிற்காவிட்டால், ஓடும் எஞ்சினால் என்ன பயன்?

5. கழற்றும் நாளில்

மாங்கொப்பில் சங்கிலி கட்டி எஞ்சின் தூக்குவது எம்மவர் வழக்கம். கொப்பு முறிந்தால் உயிர் போகும். முக்காலிச் சட்டமும் நல்ல சங்கிலிக் கப்பியும் இரவல் வாங்குங்கள். தொங்கும் எஞ்சினின் கீழ் எவரும் போகக்கூடாது. செசியில் வெல்டிங் செய்யுமுன் பற்றரி வயர்களைக் கழற்றிவிடுங்கள்.

6. பத்திரங்கள்

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டுள்ளன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அவற்றைத் திருத்தவேண்டும். விற்பனைப் பற்றுச்சீட்டையும் இறக்குமதிக்கான சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் பணம் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக்கும் அறிவியுங்கள். பத்திரம் தொலைந்தால் படும் துன்பம், பலமுறை இடம்பெயர்ந்த எமக்குத் தெரியாததல்ல.

இறுதியாக, அந்தப் பன்னிரண்டு குடும்பங்களின் வண்டி அடுத்த போகத்தில் ஓடியது. அவர்கள் பழைய பெற்றோல் எஞ்சினையே கடைந்து பூட்டினார்கள். விறாந்தையில் கிடந்த டீசல் எஞ்சினை, அதற்குப் பொருத்தமான வண்டி வைத்திருந்த ஒருவருக்கு நட்டத்தில் விற்றார்கள். அந்த நட்டத்தில் எமது அவசரப் பேச்சுக்கும் பங்குண்டு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

குழுவாகக் கலந்துரையாட:

அ. எமது வண்டியின் உண்மையான குறை எது? அதை அளந்து பார்த்தவர் யார்?

ஆ. எஞ்சின் விலையைத் தவிர வேறு என்ன செலவுகள் வரும்? ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுங்கள்.

இ. வேலை இடைநடுவில் நின்றால், அறுவடையை ஏற்ற எமக்கு வேறு வழி உண்டா?

மூன்றுக்கும் விடை எழுதிய பின்னரே சேமிப்புப் பெட்டியைத் திறவுங்கள்.