மோல்டுக்கு மலிவு ரெசின் போதுமா?

புதிதாக இறக்கிய ஃபைபர் படகின் விலாவில் சாய்வெயில் விழும்போது உற்றுப் பாருங்கள். சில படகுகளில் பாய் பின்னியது போன்ற கட்டம் கட்டமான தடம் தெரியும். பெயின்ட் அடித்தாலும் அது மறைவதில்லை. பல நேரம் குறை படகில் இல்லை. அது பிறந்த அச்சான மோல்டில் இருக்கிறது. அதே மோல்டில் அடுத்து வரும் படகுகளுக்கும் அதே தழும்புதான்.

“கடலுக்குப் போவது படகுதானே, மோல்டுக்கு மலிவான ரெசின் போதும்” என்ற நம்பிக்கையே இந்தக் கெடுதலின் வேர். ரெசின் இறுகும்போது சூடாகும். படகு அந்தச் சூட்டைக் கட்டும்போது மட்டுமே காண்கிறது. மோல்டோ தன்னில் வார்க்கும் ஒவ்வொரு படகின் சூட்டையும் தாங்க வேண்டும். சாதாரண ஆர்த்தோ பாலியெஸ்டர் 60, 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே விறைப்பை இழக்கத் தொடங்கும். ஐசோ பாலியெஸ்டர் அதைவிட மேலான சூட்டைத் தாங்கும். வினைல் எஸ்டர் அதற்கும் மேல். போதாக்குறைக்கு, பாலியெஸ்டர் இறுகும்போது அதன் கன அளவு 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். மேற்பரப்பு நெளிவது இதனால்தான்.

முழுக்க வினைல் எஸ்டர் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு நடுவழி உண்டு. மோல்டின் முகத்தில் பூசுவதற்கென்றே வரும் டூலிங் ஜெல்கோட், அதன் பின்னால் முதல் இரண்டு அடுக்குக்கு வினைல் எஸ்டர், மீதிக்கு ஐசோ. காசை மிச்சம் பிடிப்பதென்றால் பின்னடுக்குகளில் பிடிக்கலாம், முகத்தில் கூடாது.

“நெய்த கண்ணாடி இழையான ரோவிங்தான் பலம், அதை முதலில் போடு” என்பார்கள். பலம் என்பது சரி, இடம்தான் தவறு. ஜெல்கோட்டுக்கு அடுத்தே ரோவிங் வந்தால், ரெசின் சுருங்கும்போது அதன் நெசவு முகத்தில் அச்சாகிவிடும். ஜெல்கோட்டை ஒட்டி மெல்லிய சர்ஃபேஸ் டிஷ்யூ, அதன்மேல் நெய்யாத இழை விரிப்பான மேட் 300 கிராமில், பிறகு 450 கிராம் மேட் என்று போக வேண்டும். ரோவிங் அதற்கெல்லாம் பின்னால்தான்.

மோல்டு படகைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் இருக்க வேண்டும். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் படகுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு அடுக்கு வேண்டும் என்று கணக்கு வரும். இவ்வளவையும் ஒரே நாளில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சூடு அடுக்குக்குள் சிக்கி, மோல்டு முறுக்கிக்கொள்ளும். முதல் அடுக்கை ஓர் இரவு இறுக விட்டு, பிறகு நாளுக்கு இரண்டு அடுக்கு என்று ஏற்றுவதே நிதானமான வழி.

விலை அதிகம் என்பதால் எபாக்ஸி ரெசின்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்ற எண்ணமும் இருக்கிறது. எபாக்ஸி குறைவாகச் சுருங்கும், உண்மைதான். ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் இளகாமல் முரண்டு பிடிக்கும், வளைவுகளில் படியாது. எபாக்ஸிக்குத் துணி வகையே பொருந்தும்.

கடைசியாக, உயிரோடு சம்பந்தப்பட்டது. “சீக்கிரம் இறுக ஹார்டனரைக் கூட்டு” என்பது பட்டறைகளில் கேட்கும் பேச்சு. வழக்கமான அளவு ரெசினில் 1 முதல் 2 சதவீதம். கூட்டினால் வெடிப்பு விழும், குறைத்தால் முழுதாக இறுகாது. அதைவிட முக்கியம், இறுகலைத் தூண்டச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்குங்கள். அதன் பிறகே ஹார்டனர். இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.