பொன்னும் ஓட்டுச்சில்லும் – பிழைப்புத் தேடிச் சென்றோரின் தடங்கள்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் உழும்போது கொழுமுனையில் பழைய ஓட்டுச்சில் தட்டுப்படுவது புதுமையன்று. உழுபவர் அதனை வரப்பில் எறிந்துவிட்டு மேலே நடப்பார். ஒரு காலத்தில் அங்கே அடுப்பு எரிந்தது, ஒரு குடும்பம் பிழைத்தது என்பதற்கு அச்சில்லே சான்று. கல்வெட்டில் இடம்பெறாத எளிய மக்களின் வரலாறு இத்தகைய தடங்களில்தான் தங்கியிருக்கிறது. பிழைப்புக்காகவும் தண்டனையாலும் கடல் கடந்த சீனரின் தடங்களைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விக்டோரியாவின் பொன்வயல்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1851-இல் பொன் கண்டறியப்பட்டது. தென்சீனச் சிற்றூர்களிலிருந்து பல்லாயிரவர் கடன்பட்டுக் கப்பலேறினர். 1855-இல் அங்கு வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. வரி கொடுக்க வழியற்றோர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே பொன்வயலை அடைந்தனர். பொன் குறைந்தபின் பலர் ஊர் திரும்பினர். சிலர் காய்கறி பயிரிட்டுத் தங்கினர். அவர்கள் வெட்டிய நீர்க்கால்களும், கல்லடுப்புகளும், பீங்கான் சில்லுகளும், நடுவில் சதுரத் துளையுடைய காசுகளும் அப்புதர்க்காடுகளில் கிடைத்துள்ளன.

நீலகிரிச் சரிவில்

அந்த விக்டோரியாவின் சுரங்கத்துறைச் செயலராக இருந்த பிரஃப் ஸ்மித் என்பவர், 1879-இல் இந்திய அரசின் அழைப்பையேற்று நீலகிரி–வயநாட்டுப் பொன்வளத்தை ஆராய வந்தார். அவருடைய அறிக்கையை நம்பி இலண்டனில் கம்பெனிகள் பல தோன்றின. தேவாலாவும் பந்தலூரும் திடீரெனப் பெருகின. எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் சரிந்தன. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன.

அதே கூடலூர்ப் பகுதிக்குப் பொன்வேட்டைக்கு முன்பே சீனர் கொண்டுவரப்பட்டிருந்தனர். இவர்கள் மலாயாப் பகுதியில் ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகள். கொயினா மருந்து தரும் சிங்கோனா மரங்களை வளர்க்க 1860-களில் நடுவட்டத்தில் உழைத்தனர். விடுதலைக்குப்பின் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் குடியமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, கறவை மாடு வைத்துப் பிழைத்தனர்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன் இவர்களைக் கண்டு எழுதினார். 1909-இல் வெளிவந்த அவருடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதியிலும் இச்செய்தி உண்டு. கிறித்துவம் தழுவியபோது தம் சடையை அறுக்க நேர்ந்ததே ஒரு தந்தையின் ஒரே மனக்குறை என்று அவர் குறிக்கிறார். பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதினார். ஆனால் அத்தாய்மார் அயல்மொழிக் கணவரோடு எம்மொழியில் பேசினர், பிள்ளைகளை என்ன பாடித் தூங்கவைத்தனர் என்பன அவ்வளவைகளில் இல்லை. மாணவர் ஊன்றிக் கருதவேண்டிய இடம் இதுவே.

நம் கடமை

வானம் பொய்த்த காலங்களில் நம் கரிசல் மக்களும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றனர். 1964-இல் ஏற்பட்ட சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்க்கு வேலையளிக்க, 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. சீனக் கைதிகள் உழைத்த அதே மலைச்சரிவுகள் நம்மவர்க்கும் பிழைப்பளித்தன!

அவர்தம் தடங்கள் நம் வீடுகளில் உள்ளன. பரணிலிருக்கும் தகரப்பெட்டி, பழைய கடிதம், பாட்டியின் வாயில் வழங்கும் தோட்டத்துச் சொல் ஆகிய யாவும் ஓட்டுச்சில்லுகளே. நாம் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோமே, அச்சொல்லும் சீன நாட்டின் தடமன்றோ? இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியது நமக்கு நல்ல முன்மாதிரி.

எனவே மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவரிடம் அமர்ந்து கேளுங்கள்: யார் சென்றார், எங்கே சென்றார், திரும்பினாரா? விடையை அவர் பேசும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். பெரியோர்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கைதியாய்ப் போனதும் கடனுக்காகப் போனதும் வரலாறே. வரப்பில் எறிந்த சில்லைப் பின்னர்த் தேடினும் எடுக்கலாம். முதியவரோடு மறைந்த சொல்லை எந்தக் கொழுவும் மீட்டுத் தாராது.