தயார்நிலையும் தன்னடக்கமும்

தொண்டுள்ளம் மட்டுமே தொண்டாகிவிடுமா? கொள்ளைநோய்க் காலங்களில் சாரணர் இயக்கம் கண்ட பட்டறிவு இவ்வினாவிற்கு விடை பகர்கிறது. பேடன் பவல் 1907ஆம் ஆண்டு சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு முதற் பாசறை அமைத்தார். 'தயாராக இரு' என்பதே அவர் வகுத்த குறிக்கோளுரை.

1918 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் போர்க்கடன் பத்திரங்களுக்காக மாபெரும் ஊர்வலம் நடைபெற்றது. இன்புளுயன்சா பரவிய அவ்வேளையில் ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் திரண்டனர். நாட்டுக் கடமையெனக் கருதிச் சாரணச் சிறுவரும் அணிவகுத்தனர். மூன்றே நாள்களில் மருத்துவமனைகள் நிரம்பின. பிழை சிறுவருடையதன்று, மருத்துவர்தம் எச்சரிக்கையைப் புறக்கணித்து இசைவளித்த அதிகாரிகளுடையது.

அக்காலத்திலேயே நியூயார்க் சாரணர், தெருவில் எச்சில் உமிழ்வோரை அணுகி, அச்செயல் சுகாதார விதிக்கு மாறானது என அச்சிட்ட அட்டைகளை வழங்கினர். சிறு பணிதான்; எனினும் நோயின் இயல்பறிந்த பணி.

2020இல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது பிரித்தானியச் சாரணர் நேரிற் கூடுவதை நிறுத்தினர், பணியை நிறுத்தினாரல்லர். இல்லத்திலிருந்தே செய்யத்தக்க பயிற்சிகளை மேற்கொண்டனர். மே மாத இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு மைல் நடந்து, அம்மைல்களைக் கூட்டி நிலவின் தொலைவை எட்டும் முயற்சியில் இறங்கினர். அதன்வழி நலிந்தோர்க்கு நிதி திரட்டினர். வீட்டு மாடிப்படிகளும் தோட்டங்களும் அவர்தம் நடைபாதைகளாயின.

மாணவர்களே! விரைந்து செல்வதற்கு மட்டுமன்று, வேண்டும்போது விலகி நிற்பதற்கும் தயாராக இருப்பவரே மெய்யான தொண்டர்.