போனஸுக்கு முந்தைய புதன்கிழமை

மதுரையில் தீபாவளிக் கூட்டத்துக்கென்று ஒரு தேதி உண்டு. அது காலண்டரில் இருக்காது. போனஸ் கைக்கு வரும் நாள்தான் அது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு வைத்தது. கணக்கு ஆண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு நவம்பர் கடைசிவரை அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் தீபாவளி தாண்டி போனஸ் கொடுக்கிற முதலாளியை இந்த ஊர் சும்மா விடாது. அதனால் மில், பட்டறை, கடை, போக்குவரத்துக் கழகம் என்று எல்லாருடைய பணமும் பண்டிகைக்கு முன்னால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து இறங்குகிறது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் போனால் கால் நடக்க வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

விளாங்குடியில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கும் ஒரு அக்கா இந்தத் தேதியைத் தொழில் நிமித்தமாகக் கணித்து வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு ‘டெய்லரக்கா’ என்றுதான் பெயர். பிளவுஸ், பாவாடை, பள்ளிச் சீருடை என்று வருஷம் முழுக்க வேலை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் வீடுகள் அவரைத் துணைக்குக் கூப்பிடும். அவர் கூடப் போனால் காசு மிச்சம், தலைவலியும் மிச்சம் என்பது தெருவின் கணக்கு. பை தூக்கக் கூடப் போன வகையில் நானும் சிலதைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதல் விஷயம், அவர் சனி, ஞாயிறு போகமாட்டார். போனஸ் வாரத்துக்கு முந்தைய வாரம், செவ்வாயோ புதனோ, கடை திறந்து சாம்பிராணி வாசம் அடங்குவதற்குள் உள்ளே இருப்பார். அந்த நேரத்தில் விற்பனைப் பிள்ளைகளுக்குக் குரல் கம்மியிருக்காது. கேட்ட நிறத்தை மேல் தட்டிலிருந்து ஏறி எடுத்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே பிள்ளையிடம் அதையே கேட்டால், கையில் அகப்பட்டதைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத்தான் அவனுக்கு முடியும். அவனைக் குறை சொல்லவும் முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். பண்டிகை வாரத்தில் அந்த இருக்கையில் யார் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்?

‘சீக்கிரமே வாங்கிவிடுங்கள்’ என்று பத்திரிகைகள் வருஷா வருஷம் எழுதுகின்றன. மாதச் சம்பளம் தவறாமல் வங்கியில் விழுகிறவர்களுக்கு அது சரி. போனஸை நம்பியே துணி எடுக்கும் வீட்டில், போனஸ் வருவதற்கு முன் எதை வைத்து எடுப்பது? டெய்லரக்கா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்: வாங்குவதை இரண்டாகப் பிரித்துவிடுவது. தைக்க வேண்டிய துணிகளை முதலில் எடுத்துவிட வேண்டும். பிளவுஸ் துணி, பாவாடைத் துணி, லைனிங் எல்லாம் சேர்த்தாலும் தொகை சிறிதுதான், ஆனால் தாமதமானால் தைக்க ஆள் கிடைக்காது. அவரே பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை மாட்டிவிடுவார். ரெடிமேட், வேட்டி, செருப்பு இவையெல்லாம் போனஸ் வந்த பிறகு. கைத்தறி எடுக்கிற வீடுகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி, பண்டிகைக்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடும். மாதாமாதம் சிறு தொகை கட்டி முடிவில் துணியாக எடுத்துக்கொள்ளும் ‘கனவு நனவுத் திட்டம்’ ஒன்றும் அங்கே இருக்கிறது. கட்டியதற்கு மேல் நிறுவனமும் தன் பங்கைச் சேர்க்கும்.

விளாங்குடி 2011இல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆனாலும் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் போவதை இங்கே இன்னும் ‘டவுனுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்கள். பாத்திமா கல்லூரி, ஆரப்பாளையம் தாண்டிப் பெரியார் நிலையம். டூவீலரில் போனால் வெரசாப் போய்விடலாம் என்று தோன்றும். போய்விடலாம்தான், நிறுத்தத்தான் இடம் இருக்காது. மாசி வீதிகள் தேர் ஓடுவதற்கான வீதிகள். இன்றும் சித்திரைத் தேர் அங்கேதான் ஓடுகிறது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து வெளி வீதிகளுக்கு வழி செய்தார். விளக்குத்தூணே அவர் நினைவாக நட்டதுதான். அந்த வெளி வீதிகளுக்கு உட்பட்ட சந்துகள் இன்னும் பழைய அகலத்திலேயே இருக்கின்றன. பண்டிகை நெருங்கினால் போலீஸ் கண்காணிப்பு கோபுரம் வைத்து, வண்டிகளை முன்னாலேயே திருப்பிவிடும். பிறகு எங்கோ நிறுத்திவிட்டு, வாங்கிய பைகளோடு வண்டியைத் தேடி நடக்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நாங்கள் போன அன்று டெய்லரக்காவும் கூட வந்த மூன்று பெண்களும் காசில்லாமல் வந்தார்கள், நான் மட்டும் டிக்கெட் எடுத்தேன்.

கிளம்பும் முன் அவர் பையில் வைப்பவை: இஞ்சி டேப், எல்லாருடைய அளவும் எழுதிய பள்ளி நோட்டுத் தாள், தண்ணீர் பாட்டில், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. குழந்தைகளின் அளவை வயதை வைத்துக் கேட்கவே கூடாது என்பார். ஒரு கம்பெனியின் ‘எட்டு வயது’ இன்னொரு கம்பெனியின் பத்து வயதாக இருக்கும். தோள், மார்பு, நீளம் மூன்றும் தாளில் இருந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு வரவேண்டியதே இல்லை. பிள்ளை வராத கடைப்பயணம் பாதி நேரத்தில் முடிகிறது என்பதை நானே பார்த்தேன்.

ஜடாமுனி கோயில் தெருப் பக்கம் நடைபாதைக் கடை ஒன்று. பேன்ட் போட்டுப் பார்க்க இடமில்லை. அவர் பேன்ட்டின் பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டையை அப்படியே எடுத்து என் கழுத்தைச் சுற்றினார். இரண்டு முனையும் பிடரியில் வந்து தொட்டன. “சரியா இருக்கும், எடுத்துக்க தம்பி” என்றார். வீட்டில் போட்டுப் பார்த்தபோது சரியாகவே இருந்தது. தொப்பை வைத்தவர்களுக்கு இது பலிக்காது என்றும் அவரே சொன்னார்.

வெள்ளைக் கைக்குட்டையின் வேலை தெற்கு மாசி வீதியில் தெரிந்தது. மெரூன் நிறத்தில் பருத்திப் பாவாடைத் துணி. கைக்குட்டையின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துணியின் உள்பக்க ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை ரோஜா நிறமானது.

“அக்கா, சாயம் போகாதுக்கா. கேரண்டி.”

“அதைப் பில்லுல எழுதித் தர்றியா தம்பி?”

பையன் சிரித்துவிட்டு வேறு கட்டை இறக்கினான். அடுத்த துணியில் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. நாங்கள் கிளம்பும்போது அந்தப் பையன் ‘மறுபடி வாங்கக்கா’ என்று மனசாரச் சொன்னான்.

சுங்குடிப் புடவைக்கும் அவரிடம் சோதனை இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற வேலை அது. முடிச்சுப் போட்ட புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி விரலுக்குத் தட்டுப்படும், நிறம் உள்பக்கமும் அதே அழுத்தத்தில் இறங்கியிருக்கும். அச்சுப் போட்டதில் புள்ளிகள் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி நேராக நிற்கும், திருப்பிப் பார்த்தால் வெளுத்திருக்கும். அச்சுப் புடவை வாங்குவது தப்பில்லை, விலை குறைவு, தினசரிக்கு நன்றாகவே உழைக்கும். அதற்கு முடிச்சுப் புடவையின் விலை கொடுப்பதுதான் தப்பு.

தள்ளுபடி அட்டைகள் முன்னால்தான் படித்தவர்களும் நிலைகுலைகிறார்கள். ‘50% + 20%’ என்று எழுதியிருந்தால் பலர் மனத்தில் 70 என்று பதிந்துவிடுகிறது. 1000 ரூபாய்ச் சட்டை முதலில் 500 ஆகிறது, அந்த 500இல் 20 சதவீதம் போய் 400. ஆக மொத்தம் 60 சதவீதம்தான். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது மூன்றும் தேவைப்படுகிறவருக்கு 33 சதவீதத் தள்ளுபடி. இரண்டே போதும் என்கிறவருக்கு ஒன்றுமே இல்லை. அதிகபட்ச சில்லறை விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கலாம். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்ட எடையளவு விதிகள் இடம் தருகின்றன, ஆனால் அது பழைய விலையை மறைக்கக்கூடாது. மறைத்திருந்தால் அந்தத் தள்ளுபடியை நம்புவதற்கில்லை.

வரியிலும் ஒரு படி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ரெடிமேட் உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரிக்கு முந்தைய விலை 2,500 என்றால் கையிலிருந்து போவது 2,625; 2,600 என்றால் 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் கல்லாவில் 443 ஆகிறது. மாப்பிள்ளைக்கு கோட் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

டிவி, பிரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கு ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகை. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி வேறு பெயரில் எங்கோ இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்வியில் அது வெளியே வந்துவிடும்.

மாடிக் கடைக்குள் ஏறும்போது டெய்லரக்கா ஒரு நிமிஷம் நின்று சுற்றிப் பார்ப்பார். இறங்க வேறு படி இருக்கிறதா என்று பார்க்கிறார். 2020 தீபாவளியன்று நவபத்கானா தெருத் துணிக்கடையில் தீப்பிடித்து, அணைக்கப் போன இடத்தில் பழைய கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். அதே தெற்கு மாசி வீதி வட்டாரம்தான். ஒற்றைப் படிக்கட்டும், படியிலேயே அட்டைப்பெட்டி அடுக்கியதுமான கடையில் சாயங்காலக் கூட்டத்தில் அவர் மேலே ஏறமாட்டார், எவ்வளவு மலிவானாலும் சரி. 2008இல் நியூயார்க் அருகே ஒரு பெரிய கடையில் அதிகாலைத் தள்ளுபடிக்குக் கதவை முட்டித் திறந்த கூட்டம் ஊழியர் ஒருவரை மிதித்தே கொன்றது. மலிவு விலைக்கு ஓடுகிற காலுக்கு ஊர் வித்தியாசம் இல்லை போலிருக்கிறது.

கூட்டத்தைப் பார்த்துப் பயந்து போனில் வாங்கிக்கொள்கிறோம் என்கிறவர்களும் விளாங்குடியில் நிறைய. அங்கேயும் நெரிசல் உண்டு. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய முதல் பெரும் விற்பனையில் இணையதளமே திணறி, நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ‘இன்னும் இரண்டே உள்ளது’ என்று பொய்யாகப் பரபரப்பூட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. பட்டியல் வந்த பிறகும், ‘தள்ளுபடி முடிய இன்னும் இத்தனை நிமிஷம்’ என்று திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கூடையில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவைத்தால், காலையில் பாதிப் பொருள் தேவைப்படாமல் போகிறது. விளக்குத்தூணில் அதே வேலையை ஒரு ஜிகர்தண்டா செய்கிறது. இரண்டு கடைக்கு நடுவில் கால்மணி நேரம் உட்கார்ந்து குடித்தால், எடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றிய மூன்றாவது சுடிதார் மறந்துபோகும்.

பணம் கட்டும் இடத்தில் அவர் காட்டும் பொறுமை சிலருக்கு எரிச்சல் தரும். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்பார். பணம் திரும்ப வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனைப் பைக்குள் போட்டுவிடுவார். பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம், கொடுக்கத்தான் வேண்டும்.

பில்லை அவர் துணியோடு வைக்கமாட்டார், பர்ஸில் வைப்பார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராமல் இருப்பதும் அதே வகைதான். கடையில் பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அது கடைக்காரர் மனசைப் பொறுத்தது. வாங்கும்போதே ‘மாத்திக்கலாமா, எத்தனை நாளுக்குள்ள?’ என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்வது அவர் வழக்கம்.

தீபாவளி முடிந்து கடைகள் மறுபடி திறந்ததும் மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் கூட்டம் ஒன்று இருக்கும். அதுவும் அடங்கிய பிறகு, காலை பதினொரு மணிவாக்கில், டெய்லரக்கா தனியாக ஒருமுறை டவுனுக்குப் போய்வருவார். அளவு பொருந்தாததை மாற்றுவார். மீந்த கட்டிலிருந்து உள்பாவாடை, நைட்டித் துணி, துண்டு, லைனிங் என்று மாடல் மாறாதவற்றை அள்ளிக்கொள்வார். குழந்தைகளுக்கு இந்த முறை எடுத்ததைவிட இரண்டு அளவு பெரிய சட்டை குறைந்த விலைக்குக் கிடந்தால் அதையும் விடமாட்டார். பொங்கலுக்கு யார் வீட்டிலிருந்தாவது அவசரமாகப் பிளவுஸ் தைக்க வருவார்கள், லைனிங் வாங்க மறந்திருப்பார்கள். அவர் அலமாரியில் இருக்கும். அடக்க விலைக்கே கொடுப்பதாகத்தான் சொல்கிறார். தெருவில் யாரும் இதுவரை பில் கேட்டதில்லை.