எந்த ஃபிராங்கன்ஸ்டைன்?

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் 1818 பதிப்பு, 1831 பதிப்பு என்று இரண்டு விற்கிறார்கள். எதை வாங்கலாம்? அது நாடகமாகவும் வந்ததாமே?
– வாசகர், மதுரை

1818-ஐயே வாங்குங்கள். ஆசிரியர் பெயரே போடாமல், 500 பிரதிகள் மட்டும் லண்டனில் அச்சான அந்த வடிவத்தில்தான் இளம் மேரியின் வேகம் அப்படியே இருக்கிறது. 1831-இல் அவரே நிறையத் திருத்தினார்; நாவலின் நாயகன் விக்டரின் அத்தை மகளாக இருந்த எலிசபெத், அதில் எடுத்து வளர்த்த பெண்ணாகிவிட்டாள்.

நாடகம் 1823-லேயே லண்டனில் மேடையேறிவிட்டது. நடிகர் பட்டியலில் விக்டர் உருவாக்கும் ராட்சதப் பிறவியின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்! பார்க்கப் போன மேரிக்கு அந்தக் கோடுகள் மிகவும் பிடித்துப்போயின. அந்த வேடமேற்ற டி. பி. குக்குக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. நாவலிலோ அந்தப் பிறவி பேசும் பேச்சு நெஞ்சை உருக்கிவிடும். அதற்காகவே படியுங்கள்.