நிலைபொருளும் ஒப்புநோக்கலும்

கணினியின் வன்தட்டிலும் எஸ்.எஸ்.டி.யிலும் அவற்றை உள்ளிருந்து இயக்கும் சிறு நிரல் ஒன்று உறைகின்றது. ஃபெர்ம்வேர் எனப்படும் நிலைபொருள் அதுவே. அது பிழைபடின் சேமித்தவை யாவும் பாழாகக்கூடும்.

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் நிறுவனம் விடுத்த அறிவிப்பு இதற்குச் சான்று. அதன் எஸ்.எஸ்.டி. வகைகள் சில, மொத்தம் 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும். தரவும் மீளாது என்று அது எச்சரித்தது. நிலைபொருளைப் புதுப்பித்தலே தீர்வாயிற்று.

ஆயினும் புதுப்பித்தலிலும் இடருண்டு. 2009 சனவரியில் சீகேட் நிறுவனம் பாரகுடா 7200.11 வன்தட்டுகளின் கோளாற்றை நீக்க வெளியிட்ட நிலைபொருளே, 500 ஜிகாபைட் வட்டுகள் சிலவற்றை முடக்கிற்று.

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, தரவினைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல். இரண்டாவது, வட்டின் மாதிரி எண்ணையும் நிலைபொருளின் பதிப்பையும் குறித்துக்கொண்டு, அவற்றுக்குரிய கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குதல். மூன்றாவது, சரிபார்த்தல். தயாரிப்பாளர் எஸ்.எச்.ஏ.-256 மதிப்பை வெளியிட்டிருப்பின், இறக்கிய கோப்பின் மதிப்பை விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையால் கணித்து, 64 குறிகளையும் ஒப்புநோக்க வேண்டும். ஒரு குறி மாறினும் அக்கோப்பை விலக்குக. நான்காவது, இடையே மின்சாரம் தடைப்படாவண்ணம் யு.பி.எஸ். துணையுடன் நிறுவுதல்.

ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிவது நம் துறையின் மரபு. ஆய்வேடுகள் வட்டுகளில் வாழும் இந்நாளில், அவ்வொழுக்கத்தை நிலைபொருளுக்கும் கைக்கொள்வோமாக!