திண்ணையில் உழைப்போர் உரிமை

பொதிகையிற் பிறந்து பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்தும் ஆறு தாமிரபரணி. தண்பொருநை என்பது அதன் பழம்பெயர். அவ்வாற்றுப் பாய்ச்சலில் நிலமுடையார்க்கு நெல் விளைந்தது. நிலமில்லார்க்கோ கைத்தொழிலே கஞ்சி வார்த்தது. முக்கூடல், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் அவ்வாறு வேரூன்றிய தொழில்களுள் ஒன்று பீடி சுற்றுதல்.

பீடி இலை பொருநைக் கரையில் விளைவதன்று. நடு இந்தியக் காடுகளிலிருந்து வருவது. அவ்விலையையும் புகையிலைத் தூளையும் பீடிக்கடையிற் பெற்று, வீட்டில் இலையை நனைத்து நறுக்கித் தூளிட்டுச் சுருட்டி, நூலாற் கட்டிக் கொடுப்போர் பெரும்பாலும் பெண்மக்களே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. மடியில் சுளகும் அருகில் தொட்டிலுமாக இளமை கழியும். கண்ணொளி மங்கி, விரல்கள் தளர்ந்த பின்னர் இவர்க்கு உதவுவது யாது?

ஆலைத் தொழிலாளர்க்கு இவ்வினாவிற்கு விடை இருந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் ஒரு பங்கு செலுத்தி, முதுமைக்கெனச் சேர்த்துவைக்கும் வருங்கால வைப்பு நிதிக்கு 1952-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 1977-இல் அச்சட்டம் பீடித் தொழிலுக்கும் விரிக்கப்பட்டது. ஆயினும், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோர் தொழிலாளர் ஆவரோ என்னும் வழக்கு எழுந்தது.

"இவர்கள் எம் ஆலைக்கு வருவதில்லை; விரும்பிய நேரத்தில் வேலை செய்கின்றனர்; யாம் மேற்பார்வை செய்வதுமில்லை. ஆதலின் இவர்கள் எம் தொழிலாளர் அல்லர்" என்பது பீடி உற்பத்தியாளர் பலரின் வாதம். இவ்வாதம் முற்றிலும் வலுவற்றதன்று. 1961-இல் வேறொரு வழக்கில், ஆலைக்கே வந்து பீடி சுற்றிய ஒருவரைக்கூட, அவர் வரவுக்கும் வேலைக்கும் கட்டுப்பாடு இல்லை என்று கண்டு, ஆலைச் சட்டப்படி தொழிலாளர் அல்லர் எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்திருந்தனர். எனினும் 1966-இல் பீடித் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, வீட்டில் உழைப்போரும் அதனுள் அடக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 1974-இல் அச்சட்டம் செல்லும் என்றது.

வைப்பு நிதி பற்றிய வழக்கிற்கு 1985-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பி. எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கு என்பது அதன் பெயர். கொண்டுவந்த பீடியுள் நல்லதை ஏற்று, தகாததைக் கழிக்கும் அதிகாரம் முதலாளிக்கு உண்டன்றோ? கழிக்கும் அவ்வுரிமையே போதிய கட்டுப்பாடாகும் என்று நீதிமன்றம் கருதியது. வீட்டில் செய்யினும் அது நிறுவனத்தின் வேலையே. இடையில் ஒப்பந்தக்காரர் நிற்பினும் உறவு அறாது. ஆகவே, வீட்டிலிருந்து உழைப்போரும் வைப்பு நிதிக்கு உரியர் என முடிவாயிற்று. "இது கழிவு" என்று முதலாளி ஒதுக்கிய பீடியே, அதனைச் சுற்றியவர் அவர்தம் தொழிலாளர் என்பதற்குச் சான்றாயிற்று!

தீர்ப்பு நீதிமன்றத்தில் பிறக்கும். பயன் வீட்டை அடைதற்கு ஏடு வேண்டும். ஒருத்தி சுற்றிய பீடியை மற்றொருத்தியின் பெயரில் எழுதினும், பெயரே எழுதாது விடினும் உரிமை கைக்கெட்டாது. கூலிப் புத்தகத்தில் தன் பெயர் இருக்கின்றதா, கொடுத்த பீடியின் எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கும் அறிவும், "எங்கே என் பங்கு?" என்று வினவும் துணிவும் வேண்டும். பெற்றோர்க்கு எழுத்தறிவு இல்லாவிடத்து, பள்ளி செல்லும் பிள்ளை அப்புத்தகத்தைப் படித்துக் கூறுதல் சிறந்த துணையாகும்.

உரிமை என்பது இரங்கி இடும் பிச்சையன்று. உழைப்பின் பயனாய் வருவது. சட்டம் அதனை வகுக்கிறது. வழக்கறிஞர் வாதம் அதனைக் காக்கிறது. உரியவர் விழிப்பே அதனை வீட்டிற்குக் கொணர்கிறது.